பவன் மட்டும் இருந்திருந்தால்

தரங்கம்பாடியில் யாரிடமாவது கபடிப் பேச்சைத் தொடங்கினால் சிறிது நேரத்தில் அந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும்: "அந்த வருஷம் பவன் மட்டும் இருந்திருந்தா கப்பு நமக்குத்தான்யா." பொறையாறு டீக்கடையிலும் இதே தீர்ப்புதான், மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டிலும் இதே தீர்ப்புதான். தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் இதையே கோட்டு போட்டுக்கொண்டு சொல்வார்கள்: தமிழ் தலைவாஸுக்குத் தேவை ஒரு மேட்ச் வின்னர், கோடிகளைக் கொட்டி ஒரு பெரிய ரைடரைக் கொண்டுவாருங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

"அந்த வருஷம்" என்பது 2022. புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது சீசன். தமிழ் தலைவாஸ் முதன்முறையாகப் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்து, அரையிறுதி வரை போய், இரண்டே புள்ளியில் தோற்ற சீசன். நட்சத்திர ரைடர் பவன் செஹ்ராவத் இல்லாததால்தான் அது அரையிறுதியோடு நின்றது என்பது ஊரறிந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. அந்த சீசனின் ஒவ்வொரு கணக்கும் அதற்கு எதிராகவே நிற்கிறது.

நடந்ததை முதலில் வரிசையாகப் பார்த்துவிடலாம். 2022 ஆகஸ்ட் ஏலத்தில் பவனைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூருவில் குஜராத் ஜயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே, பாடிப் போன இடத்தில்கூட அல்ல, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில், பவனின் முழங்கால் போய்விட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் 31-31 என்று டையில் முடிந்தது. பவனின் சீசனும் அங்கேயே முடிந்தது. கொஞ்ச நாளில் பயிற்சியாளரும் மாறினார். உதயகுமார் விலகி அஷன் குமார் வந்தார்.

கோடி ரூபாய் ஆள் போனார், கோச் போனார். பழைய தமிழ் தலைவாஸாக இருந்திருந்தால் அதற்குப் பிறகு பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. இந்த முறை, தொடக்கத்தில் தடுமாறிய அணி மெல்ல நிமிர்ந்தது. நரேந்தர் என்ற பையன், லீக்கில் முதல் சீசன் ஆடுகிறவர், 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அவர் வெளியே உட்கார்ந்திருந்த நேரங்களில் அஜிங்க்யா பவார் பாடிப் போனார். தூண் போல நின்றது பின்வரிசை: வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா, கவரில் எம். அபிஷேக்கும் மோஹித்தும். இவர்களில் சாகர் முந்தைய சீசனிலேயே 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தவர். அந்த ஆண்டு அவரை விட அதிகம் எடுத்தவர் லீக்கிலேயே ஒருவர்தான். ஏல மேடையில் கை தட்டல் வாங்கியது பவன். அணியை நடத்திக்கொண்டு போனது, ஏலத்துக்கு முன்பே கட்டப்பட்டிருந்த அந்தப் பின்வரிசை.

22 ஆட்டங்களில் 10 வெற்றி, 8 தோல்வி, 4 டை. அப்போது வெற்றிக்கு 5 புள்ளி, டைக்கு 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1. தமிழ் தலைவாஸின் கணக்கில் 66 இருந்தது. வெற்றிக்கு 50, டைக்கு 12. மீதி நான்கும் தோல்வியிலிருந்து வந்தவை. எட்டுத் தோல்வியில் நான்கை ஏழு புள்ளிக்குள் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். தோற்கும்போதும் சிதறாமல் தோற்கத் தெரிந்த அணி அது. பட்டியலில் ஐந்தாம் இடம்.

இனி மும்பை. டிசம்பர் 13, எலிமினேட்டர், எதிரே யு.பி. யோதாஸ். அந்த அணியில் இருந்தவர் பர்தீப் நர்வால், லீக் வரலாற்றிலேயே அதிக ரைடு புள்ளிகள் குவித்தவர். நட்சத்திரம் தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் என்றால் அன்று முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும். நாற்பது நிமிடம் முடிந்தபோது 36-36. டை-பிரேக்கர்.

இந்த டை-பிரேக்கரின் விதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நட்சத்திர வாதத்துக்கு இதை விட நேரான பதில் கிடையாது. இரண்டு பக்கமும் ஏழு ஏழு பேர். யாரும் வெளியே போவதில்லை, யாரும் திரும்ப வருவதில்லை. ஒவ்வொரு அணியும் ஐந்து ரைடுகள் போகலாம். ஐந்தும் ஐந்து வெவ்வேறு ஆட்கள். எவ்வளவு பெரிய கொம்பனானாலும் அவருக்கு ஒரே ஒரு முறைதான். மற்ற நான்கு முறை யார் போவார்கள்? வழக்கமாகக் கார்னரில் குனிந்து நிற்கிறவர்கூட பாட்டுப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்ட வேண்டி வரலாம். லீக்கின் பிளே-ஆஃபில் முதன்முதலாக வந்த அந்த டை-பிரேக்கரைத் தமிழ் தலைவாஸ் 6-4 என்று வென்றது.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்டன் 39-37 என்று ஜெயித்தது. பங்கஜ் மோஹித்தே அன்று தமிழ் தலைவாஸின் பிடிகளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தார். "பாத்தியா, ஒரு ரைடர் தானே ஜெயிக்க வெச்சான்" என்று இங்கே ஒரு குரல் எழும். எழட்டும். ஒரு நாள் ஒருவருடைய நாளாக அமைவதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மோஹித்தே அந்த லீக்கின் விலையுயர்ந்த நட்சத்திரம் அல்ல. ஆழமான அணி ஒன்றில் அவரவர் முறை வரும்போது ஆடிக்கொடுக்கிறவர்களில் ஒருவர். அந்த உதாரணம் எந்தப் பக்கத்துச் சாட்சி என்பதைச் சொன்னவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

பவன் இருந்திருந்தால் இரண்டு புள்ளி கூடுதலாகக் கிடைத்திருக்காதா? கிடைத்திருக்கலாம். ஆனால் பவன் இருந்திருந்தால் நரேந்தர் அத்தனை ரைடு போயிருப்பாரா? முதல் சீசன் பையனுக்கு 243 புள்ளி எடுக்கும் அளவுக்கு வாய்ப்பு கிடைத்ததே முதல் ரைடர் இடம் காலியானதால்தான். மற்ற எல்லாம் அப்படியே இருக்கும், பவன் மட்டும் கூடுதலாக வந்து சேர்வார் என்று எண்ணுவது மனக்கணக்கு. களத்தில் ஏழு பேருக்குத்தான் இடம், ரைடுக்கு முப்பது விநாடிதான்.

அதோடு, நட்சத்திரம் இருந்தபோது இந்த அணி என்ன செய்தது என்பதற்குப் பதிவு இருக்கிறதே. 2017இல் லீக்கில் சேர்ந்தபோது கேப்டன் அஜய் தாக்கூர், இந்திய அணியின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. முதல் இரண்டு சீசன்களிலும் அவர் தனி ஆளாக 200க்கு மேல் ரைடு புள்ளிகள் எடுத்தார். இரண்டு சீசன்களிலும் அணி தன் பிரிவில் கடைசி இடம். சரி, ஒரு நட்சத்திரம் போதவில்லை போலும் என்று 2019இல் ராகுல் சௌதரியைக் கூட்டிவந்தார்கள். மஞ்சீத் சில்லரும் இருந்தார். போஸ்டரில் மூன்று பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து இந்தக் கடற்கரை ஊர்களே குளிர்ந்துபோயின. 22 ஆட்டத்தில் 4 வெற்றி, 15 தோல்வி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

ஏன் இப்படி ஆகிறது என்பது கபடியின் உள்கணக்கில் இருக்கிறது. ரைடர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவர் தானாக எழுந்து வர முடியாது. உள்ளே இருப்பவர்கள் ஒரு எதிராளியைத் தொட வேண்டும் அல்லது பிடிக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு உயிர் வரும். போனஸ் புள்ளி எடுத்தால்கூட ஆள் திரும்ப வராது. ஆகவே இரண்டரைக் கோடி ரூபாய் ரைடரின் நேரம் முழுக்க அவர் பின்னால் நிற்கும் கார்னர் பையனின் கையில் இருக்கிறது. அந்தப் பையன் எதிரணி ரைடரின் கணுக்காலைச் சரியான விநாடியில் கவ்விப் பிடித்தால் நட்சத்திரம் அடுத்த நிமிடம் களத்தில்; அவசரப்பட்டு முன்னால் பாய்ந்து தொடுபட்டால் இரண்டு பேரும் பெஞ்சில். மூன்று பேர் மட்டும் மிச்சமிருக்கும்போது ஒரு பிடி விழுந்தால் இரண்டு புள்ளி. பிடி விழாவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஆல் அவுட், எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு. கரைவலையில் இரண்டு கயிறும் சேர்ந்து வந்தால்தான் மடி கரையேறும். ஒரு பக்கம் மட்டும் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் மீன் மறுபக்கம் போய்விடும். இதைத் தரங்கம்பாடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கபடி விஷயத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

தமிழ் தலைவாஸின் ராசி அப்படி, மற்ற அணிகளுக்கு நட்சத்திரம் பலிக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். பலிக்கவில்லை. கோடி ரூபாய் விலை தொடங்கிய ஆறாவது சீசனிலிருந்து ஒவ்வொரு ஏலத்திலும் முதல் விலை போன ஆளை எடுத்துப் பாருங்கள். மோனு கோயத், 1.51 கோடி, ஹரியானா ஸ்டீலர்ஸ்: பிரிவில் கடைசி. சித்தார்த் தேசாய், 1.45 கோடி, தெலுகு டைட்டன்ஸ்: பதினோராம் இடம். பர்தீப் நர்வால், 1.65 கோடி, யு.பி.: அரையிறுதியில் தோல்வி. பவன், நாம் பார்த்தோம். அடுத்த ஏலத்தில் அதே பவன் 2.60 கோடிக்கு தெலுகு டைட்டன்ஸுக்குப் போனார், கேப்டனாக. இந்த முறை காயத்தைக் காட்டித் தப்ப முடியாது. டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் 2 வெற்றி பெற்றுக் கடைசியில் முடிந்தது. பிறகு சச்சின் தன்வர், 2.15 கோடி, தமிழ் தலைவாஸ்: ஒன்பதாவது. 2025இல் முகமதுரேசா ஷாட்லூயி, 2.23 கோடி, குஜராத்: முதல் எட்டுக்குள்ளேயே இல்லை. ஏழு ஏலம். ஏலத்தில் முதலாவதாக வந்தவரின் அணி ஒரு முறைகூட அந்த ஆண்டின் கோப்பையைத் தொடவில்லை.

இந்தப் பட்டியலுக்கு நடுவே ஒரு சம்பவம் தனியாகச் சொல்லத் தக்கது. பட்னா பைரேட்ஸ் மூன்று முறை தொடர்ந்து கோப்பை வென்றது பர்தீப்பின் கால்களால் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எட்டாவது சீசனுக்கு முன் பட்னா அவரைக் கைவிட்டது. பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அந்த சீசனில் பட்னா பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2022 பிப்ரவரியில் அரையிறுதி. எதிரே பர்தீப்பின் புதிய அணியான யு.பி. பட்னா 38-27 என்று ஜெயித்தது. இறுதியில் தபாங் டெல்லியிடம் ஒரே புள்ளியில், 36-37, தோற்றது உண்மைதான். பர்தீப்பை விட்டதற்கு அது விலை என்றால், மலிவான விலை.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சிகளையும் அழைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இது ஒருதலை வழக்காகிவிடும். முதல் சாட்சி பவனே. 2019 ஜனவரியில் நடந்த ஆறாவது சீசன் இறுதியில் பெங்களூரு புல்ஸ் 38-33 என்று குஜராத்தை வீழ்த்தியபோது 22 புள்ளிகள் அவர் ஒருவருடையவை. தனி மனிதன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த காட்சி என்றால் அதுதான். ஆனால் அந்தப் பவன், அந்த ஆண்டு கோடி ரூபாய்க்குப் போன ஆறு பேரில் இல்லை. முந்தைய சீசனில் குஜராத்தில் மங்கிக் கிடந்தவர். புல்ஸில் ரோஹித் குமார் கேப்டனாக ரைடு சுமையைப் பகிர்ந்துகொள்ள, பவனுக்கு வளர இடம் கிடைத்தது. அணி நட்சத்திரத்தை உண்டாக்கியது. பிறகு அந்த நட்சத்திரத்தை மற்ற அணிகள் விலைக்கு வாங்கின. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது மேலே இருக்கிறது.

இரண்டாவது சாட்சி ஷாட்லூயி. 2.35 கோடிக்கு புனேவுக்கு, அடுத்த ஆண்டு 2.07 கோடிக்கு ஹரியானாவுக்கு; இரண்டு அணிகளும் அந்தந்த ஆண்டு சாம்பியன். இதை மழுப்ப முடியாது. பெரிய பணம் வீண் போகாமல் இருந்த இடம் இது ஒன்றுதான். அவர் ரைடர் அல்ல, இடது கார்னர். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் கேட்கும் மேட்ச் வின்னர் வேறு ஆள்.

மூன்றாவது சாட்சியைத் தஞ்சை மாவட்டமே அனுப்பியிருக்கிறது. பர்தீப்பின் பட்னா 2016இல் நான்காவது சீசன் கோப்பையை வாங்கியபோது மேடையில் கேப்டனாக நின்றவர் திருச்சனம்பூண்டிக்காரரான தர்மராஜ் சேரலாதன். வயது அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. வேலை, பின்வரிசையில் பிடிப்பது. பர்தீப்பின் பெயரில் எழுதப்படும் அந்தக் கோப்பைக்கு டெல்டாவில் இப்படி ஒரு பங்குதாரர் இருக்கிறார் என்பதை டெல்டாக்காரர்களே சொல்வதில்லை. பிடிக்கிறவன் படத்தை யார் பேனரில் போடுகிறார்கள்?

பேனர் என்றதும் இங்கத்திய போட்டிகளைச் சொல்லாமல் விட முடியாது. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் ஊருக்கு ஊர் கபடி நடக்கும். மாலையில் தண்ணீர் தெளித்து மண்ணை அமுக்கி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, மூங்கில் கம்பத்தில் லைட் கட்டுவார்கள். விடிய விடிய ஆட்டம். மைக்கில் ஒருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார். பரிசுத் தொகை கொஞ்சம் பெரிதானால் ஒரு வழக்கம் உண்டு: வெளியூர் ரைடர் ஒருவரைப் பணம் பேசி இறக்குவது. அவர் நடுச்சாமத்தில் பைக்கில் வந்து இறங்குவார், ஊர் பனியனை மாட்டிக்கொள்வார், முதல் இரண்டு ரைடு பிரமாதமாகப் போவார். மூன்றாவது ரைடில், அதே மண்ணில் பத்து வருஷமாகக் கைகோத்து ஆடும் எதிரூர்ப் பையன்கள் அவரை அலேக்காகத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். அவரை மீட்டு உள்ளே கொண்டுவர உள்ளூர்ப் பையன்களுக்கு ஏது ஒத்திகை? இடத்தை வெளியூர்க்காரருக்கு விட்டுக்கொடுத்த பையன் ஓரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். மன்னார்குடி பக்கத்து வடுவூர் தலைமுறை தலைமுறையாகக் கபடி ஊராக நிற்பது வெளியாட்களை இறக்கியதால் அல்ல, சொந்தப் பையன்களைச் சேர்த்து ஆடவைத்ததால்.

நட்சத்திரப் பைத்தியம் கபடிக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்ற ஒரே ஆளைச் சுற்றித்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. 2017 டிசம்பர் 10ஆம் தேதி பிலடெல்பியா ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. பவனைப் போல முதல் நாளில் அல்ல, பிளே-ஆஃப் வாசலில். ஈகிள்ஸ் அவ்வளவுதான் என்று அங்கேயும் பேசினார்கள். மாற்று ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸ் இறங்கினார். 2018 பிப்ரவரி 4ஆம் தேதி சூப்பர் பவுல் இறுதியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 41-33 என்று வென்று, ஈகிள்ஸ் தன் முதல் சூப்பர் பவுல் கோப்பையை எடுத்தது. எதிரணியில் விளையாட்டின் ஆகப் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி அன்று 505 கெஜம் பந்து வீசினார். சூப்பர் பவுல் வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத தூரம். தோற்றார்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, நியாயமான கேள்வி. அந்தப் பின்வரிசை அவ்வளவு நல்லதென்றால், பெரும்பாலும் அதே ஆட்களோடு, அதே அஷன் குமாரோடு ஆடிய பத்தாவது சீசனில் தமிழ் தலைவாஸ் ஏன் ஒன்பதாவது இடத்துக்கு விழுந்தது? நட்சத்திரம் இல்லாமல் இருந்தாலே போதும், ஜெயித்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. எதிரணிகள் நரேந்தரைப் படித்துவிட்டன. முதல் ஆண்டு தெரியாத கால் இரண்டாம் ஆண்டு தெரியும். அதற்குப் பதில் மூன்றாவது, நான்காவது ரைடரைத் தயார் செய்வதுதான். நிர்வாகம் கண்ட பதில் வேறு: அடுத்த ஏலத்தில் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. பத்தாவது சீசனில் கோடி ரூபாய் ரைடர் இல்லாமல் எடுத்த புள்ளிகள் 51. பதினொன்றாவது சீசனில் சச்சினோடு எடுத்தவை 50. அப்போதும் ஒன்பதாவது இடமே. இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கு ஒரு புள்ளி குறைந்தது.

பிறகு 2025. பவன் திரும்பி வந்தார், கேப்டனாக. ஜெய்ப்பூருக்கு 2022இல் கோப்பை வாங்கிக் கொடுத்த அர்ஜுன் தேஷ்வாலையும் 1.40 கோடிக்கு எடுத்தார்கள். பவன் மட்டும் இருந்திருந்தால் என்று மூன்று வருஷம் பெருமூச்சு விட்டவர்களுக்குப் பவனும் கிடைத்தார், கூடவே இன்னொரு நட்சத்திரமும். சீசனின் நடுவிலேயே பவனுக்கும் அணிக்கும் ஒத்துவராமல் அவர் வெளியேறினார். பன்னிரண்டில் எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போன அந்த ஆண்டில், மீதி நான்கில் ஒன்று தமிழ் தலைவாஸ்.